மாண்டன் ஊர்களில் ஒரு குளிர்காலம்: அந்த மக்காச்சோளம் தானமா, விலைக்கு வாங்கியதா?

‘லூயிஸ், கிளார்க் பயணக் குழு 1804-05 குளிர்காலத்தை மாண்டன் மக்களுக்கு அருகில் கழித்தது என்று படித்தேன். அந்த மக்கள் உணவு கொடுத்திருக்காவிட்டால் குழு பட்டினியால் அழிந்திருக்குமா? அவர்கள் ஏன் உதவினார்கள்?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பசிபிக் கடல் வரை வழி தேட அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன் அனுப்பிய குழு அது, லூயிஸும் கிளார்க்கும் அதன் தலைவர்கள். மாண்டன் மக்களும் அவர்களின் அண்டையரான ஹிடாட்சா மக்களும் மிசூரி ஆற்றங்கரையில் பயிர் செய்து வாழ்ந்த பழங்குடியினர். பார்ப்பதற்கு இரண்டு கேள்விகள் போல இருந்தாலும், அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நடந்தது விருந்தோம்பலா, வியாபாரமா, அல்லது இரண்டு தரப்பும் தத்தம் கணக்கைப் போட்டு நடத்திய அரசியலா என்பதே அது. கல்லூரியில் வட அமெரிக்க வரலாற்றைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையிலும், அந்தக் குழுவினரின் நாட்குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்தவன் என்ற முறையிலும் பதில் சொல்ல முயல்கிறேன். மாண்டன் மொழியோ ஹிடாட்சா மொழியோ எனக்குத் தெரியாது. எனவே நான் சொல்வதில் பெரும்பகுதி வெள்ளையர் எழுதிவைத்த தாள்களின் வழியாக வருவது என்பதை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இடத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ‘குளிர்காலத்தைக் கழித்தார்கள்’ என்றதும் ஆளரவமற்ற பனிவெளியில் ஒரு மரக்கோட்டை, அதற்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் நாற்பது சொச்சம் பேர், எப்போதாவது எட்டிப்பார்க்கும் பழங்குடியினர் என்ற சித்திரம் மனத்தில் எழுகிறது. உண்மை நேர்மாறானது. இன்றைய வடக்கு டகோட்டா மாநிலத்தில், நைஃப் ஆறு மிசூரியில் கலக்கும் பகுதியில் அப்போது ஐந்து ஊர்கள் இருந்தன. இரண்டு மாண்டன் மக்களுடையவை, மூன்று ஹிடாட்சா மக்களுடையவை. ஐந்திலும் சேர்த்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள் என்பதே பொதுவான மதிப்பீடு. குழு புறப்பட்ட பக்கத்தில் இருந்த செயிண்ட் லூயிஸ் நகரத்தைவிட அது பெரிய கூட்டம். சந்தையும் அங்கேதான். வடக்கிலிருந்து அசினிபோயின், கிரீ மக்கள் துப்பாக்கியும் செம்பு, இரும்புப் பாத்திரங்களும் கொண்டுவருவார்கள். மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் க்ரோ, செயேன் மக்கள் குதிரைகளைக் கொண்டுவருவார்கள். இரு சாராரும் திரும்பிப் போகும்போது எடுத்துச் செல்வது மாண்டன், ஹிடாட்சா பெண்கள் விளைவித்த மக்காச்சோளம். பிரெஞ்சுக்கார வணிகரான லா வெரென்ட்ரி 1738-இலேயே அங்கே வந்து போயிருந்தார். நில அளவையாளர் டேவிட் தாம்சன் 1797 கடைசியில் கனடாப் பக்கத்திலிருந்து வந்து சில நாட்கள் தங்கினார். லூயிஸும் கிளார்க்கும் அங்கே இருந்த அதே குளிர்காலத்தில் நார்த் வெஸ்ட் கம்பெனியின் லாரோக்கும் மெக்கென்சியும் ஹிடாட்சா ஊர்களில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். ஆக, வந்து சேர்ந்த அமெரிக்கர்கள் ஒரு பழைய கடைத்தெருவுக்குப் புதிதாக வந்த வாடிக்கையாளர்கள். அதிலும் சரக்கைக் காட்டிவிட்டு விற்க மறுத்த வாடிக்கையாளர்கள். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு இதுதான் வேர்.

நிச்சயமாகத் தெரிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1804 மே மாதம் மிசிசிப்பிக் கரையிலிருந்து புறப்பட்ட குழு, அக்டோபர் கடைசி வாரத்தில் மாண்டன் ஊர்களை அடைந்தது. நவம்பர் தொடக்கத்தில், கீழ் மாண்டன் ஊருக்குச் சில மைல் கீழே, எதிர்க்கரையில், காட்டன்வுட் மரங்களை வெட்டி முக்கோண வடிவில் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார்கள். இரு பக்கங்களில் குடில் வரிசை, மூன்றாவது பக்கத்தில் மர அரணும் வாயிலும். அதற்கு ஃபோர்ட் மாண்டன் என்று பெயரிட்டார்கள். 1805 ஏப்ரல் 7 அன்று அதைவிட்டு மேற்கே புறப்பட்டார்கள். இடைப்பட்ட ஐந்து மாதங்களில் குழுவில் ஒருவர்கூட இறக்கவில்லை. டிசம்பர் நடுவில் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே நாற்பதையும் தாண்டி இறங்கியது. அந்தப் புள்ளியில் பாரன்ஹீட் என்றாலும் செல்சியஸ் என்றாலும் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் குளிர் என்ன செய்யும் என்பதற்கு ஜனவரி 10 அன்று நடந்ததைப் பார்க்கலாம். ஊரிலிருந்து வெளியே போன பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இரவு முழுவதும் பனியில், ஒரே ஒரு காட்டெருமைத் தோல் போர்வையுடன், நெருப்பில்லாமல் கிடந்துவிட்டுக் காலையில் கோட்டைக்கு வந்து சேர்ந்தான். பாதங்கள் விறைத்துப் போயிருந்தன. குளிர்ந்த நீரில் காலை வைத்துச் சிகிச்சை செய்தார்கள். அதே இரவில் வெளியே படுத்திருந்த இன்னொரு மனிதர், இதைவிடக் குறைந்த உடையுடன் இருந்தும், ஒன்றும் ஆகாமல் எழுந்து வந்தார். மனிதன் தாங்க முடியும் என்று தாம் நினைத்ததைவிட அதிகமான குளிரைத் தாங்க இந்த மக்களின் பழக்கம் அவர்களைப் பயிற்றியிருக்கிறது என்று கிளார்க் எழுதிவைத்தார். பையனின் கதை அத்துடன் முடியவில்லை. அந்த மாதக் கடைசியில் லூயிஸ் அவனது ஒரு பாதத்தின் விரல்களை நீக்க வேண்டியிருந்தது. ‘பழங்குடியினர் குளிருக்குப் பழகியவர்கள்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பழகியவர்களையும் அந்தக் குளிர் விட்டுவைக்கவில்லை.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். வேட்டையில் குழுவினர் சளைத்தவர்கள் அல்ல. டிசம்பரில் காட்டெருமை மந்தை ஊருக்கு அருகே வந்தபோது மாண்டன் வேட்டைக்காரர்கள் குதிரைமேல் இருந்தபடி வில்லால் வீழ்த்த, அமெரிக்கர்கள் துப்பாக்கியுடன் கூடவே ஓடினார்கள். ஆனால் பிப்ரவரி பிறந்ததும் கையிருப்பு இறைச்சி தீர்ந்துபோகும் நிலைக்கு வந்தது. பிப்ரவரி 4 அன்று கிளார்க் ஆட்களைத் திரட்டிக்கொண்டு, உறைந்த ஆற்றின்மேல் நடந்து தெற்கே வேட்டைக்குப் போனார். ஒரு வாரத்துக்கும் மேல் அலைந்து, 40 மான், 16 எல்க் (ஒருவகைப் பெரிய மான்), 3 காட்டெருமைக் காளை வீழ்த்தியதாகக் கணக்கு எழுதுகிறார். கேட்பதற்கு நிறையத்தான் இருக்கிறது. ஆனால் அதே குறிப்பில், பல விலங்குகள் தின்பதற்கே உதவாத அளவுக்கு மெலிந்திருந்தன என்றும் சொல்கிறார். கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் எவ்வளவு தின்றாலும் உடல் தேறாது. கடுங்குளிரில் மரம் வெட்டி, பனியில் இழுத்து உழைப்பவனுக்கு மாவுச்சத்தோ கொழுப்போ கட்டாயம் வேண்டும். போதாக்குறைக்கு, விட்டுவந்த இறைச்சியைக் கொண்டுவர அனுப்பிய நால்வரை மாண்டன் மக்களின் பகைவர்களான சூ பழங்குடியின் வீரர்கள் நூறு பேருக்கு மேல் வழிமறித்துக் குதிரைகளைப் பறித்துக்கொண்டார்கள்.

கிளார்க் வேட்டைக்குப் போயிருந்த அதே நாட்களில், கோட்டையில் இருந்த லூயிஸ் எழுதிய குறிப்புதான் கேள்வி கேட்டவருக்கு நேரான பதில். அதில் அவர் சொல்வது இது: கொல்லர்கள் தங்கள் கூலியாக நிறைய மக்காச்சோளம் பெற்றார்கள், இந்த நிலையில் கொல்லர்களே நமக்கு நல்ல வழியாக அமைந்தார்கள், இதைத் தவிர வேறு எந்த வழியில் இந்த மக்களிடமிருந்து தானியம் வாங்கியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஜான் ஷீல்ட்ஸ், அலெக்சாண்டர் வில்லர்ட் போன்ற குழுவின் கொல்லர்கள் கரி சுட்டு, உலை மூட்டி, மண்வெட்டிகளைச் செப்பனிட்டு, துப்பாக்கிகளைப் பழுதுபார்த்து, போர்க் கோடாரிகளை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடாரியின் வடிவம் லூயிஸுக்குப் பிடிக்கவில்லை. அலகு மெலிந்தும் நீண்டும், பிடி மிகக் குட்டையாகவும் இருக்கிறது என்று குறை சொல்கிறார். ஆனால் வாங்குபவர் கேட்கும் வடிவத்தில்தானே செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது!

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த விவரம் அந்தப் பழைய அடுப்பு. ஆற்றில் வரும்போதே எரிந்து ஓட்டையாகிப்போன ஒரு தகட்டு அடுப்பு படகில் கிடந்தது. தூக்கி எறிய வேண்டிய பொருள். அதைத் துண்டு போட்டு விற்க லூயிஸ் அனுமதித்தார். ஏறத்தாழ நான்கு அங்குலச் சதுரமான ஒவ்வொரு தகட்டுத் துண்டுக்கும் ஏழு முதல் எட்டு காலன் வரை மக்காச்சோளம் கிடைத்தது. ஒரு உள்ளங்கையில் அடங்கும் துருப்பிடித்த தகடு. அதற்கு ஈடாக, ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்கும் அளவுக்குத் தானியம். இதைப் படிக்கும் பலர் ‘அப்பாவி மக்களை ஏமாற்றிவிட்டார்கள்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வாங்கியவர்கள் அந்தத் தகட்டை அம்பு முனைகளாக வெட்டிக்கொண்டார்கள், காட்டெருமைத் தோலைச் சுரண்டிப் பதப்படுத்தும் கருவிகளாக ஆக்கிக்கொண்டார்கள். பதப்படுத்திய தோல் அந்தச் சந்தையில் குதிரைக்கும் துப்பாக்கிக்கும் மாற்றாகும் சரக்கு. அவர்களிடம் தானியம் மிகுதி, இரும்பு அரிது, அமெரிக்கர்களிடம் நேரெதிர். இரு பக்கமும் தாம் லாபத்தில் இருப்பதாகவே நினைத்திருப்பார்கள். ஃபோர்ட் மாண்டன் உலையில் ஷீல்ட்ஸ் அடித்த கோடாரி ஒன்றை, 1806-இல் ராக்கி மலைகளுக்கு அப்பால் நெஸ் பெர்ஸ் மக்களிடையே குழுவின் சார்ஜெண்ட் ஆர்ட்வே கண்டார் என்பதிலிருந்து, அந்தச் சந்தையின் கைகள் எவ்வளவு தூரம் நீண்டிருந்தன என்று ஊகிக்கலாம். செய்த கோடாரி செய்தவர்களுக்கு முன்பாகவே மலையைத் தாண்டியிருந்தது போலும்.

அந்த மக்காச்சோளம் யாருடையது என்ற கேள்வியை நாட்குறிப்புகள் கேட்பதே இல்லை. அவற்றில் வருபவர்கள் எல்லாம் ஆண்கள், தலைவர்கள். கீழ் ஊரின் தலைவர் ஷெஹேகி, மேல் ஊரின் தலைவர் கரும்பூனை என்று பொருள்படும் பெயருடைய போசெகோப்சஹே ஆகியோர் வந்தார்கள், பேசினார்கள், புகைத்தார்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஷெஹேகி ஒருநாள் நூறு பவுண்டு நல்ல இறைச்சி கொண்டுவந்தார் என்று கிளார்க் மகிழ்ச்சியுடன் குறிக்கிறார். அதை முதுகில் சுமந்துவந்தவர் அவருடைய மனைவி என்பதும் அதே வரியில் போகிறபோக்கில் வந்துவிடுகிறது. உண்மையில் மாண்டன், ஹிடாட்சா சமூகங்களில் தாய்வழியே உரிமை இறங்கும். வீடு பெண்களுடையது, வயல் பெண்களுடையது, விளைச்சலும் பெண்களுடையது. புகையிலையை மட்டும் முதிய ஆண்கள் தனியே பயிரிட்டார்கள். நடுவில் நான்கு பெருந்தூண்கள், சுற்றிலும் சிறு தூண்கள், மேலே வில்லோக் கிளையும் புல்லும் மண்ணும் போர்த்திய வட்டமான மண்வீடுகள். குளிர் முற்றும்போது நல்ல குதிரைகளும் வீட்டுக்குள்ளேயே நிற்கும். வீட்டுக்குள்ளும் வெளியிலும் தரைக்கடியில் தானியக் குழிகள் இருக்கும்.

அந்தக் குழிகளைப் பற்றி நமக்கு மிகத் தெளிவான சாட்சி ஒன்று உண்டு. எருமைப்பறவைப் பெண் என்று பொருள்படும் பெயர் கொண்ட ஹிடாட்சா மூதாட்டி, தம் மக்களின் வேளாண்மை முறையை கில்பர்ட் வில்சன் என்ற மானிடவியலாளரிடம் விரிவாகச் சொல்லி, அது 1917-இல் அச்சாயிற்று. மேலே ஆள் நுழையும் அளவுக்குக் குறுகிய வாய், கீழே போகப்போக அகன்று செல்லும் வயிறு. இறங்க ஏணி வேண்டும். சுவரோடு சுவராகச் சடைபோலப் பின்னிய கதிர்களை அடுக்கி, நடுவில் உதிர்த்த மணிகளைக் கொட்டி, அந்த மணிகளின் நடுவே, ஈரம் படாதபடி, உலர்த்திய பூசணித் துண்டுகளின் சரங்களைப் புதைப்பார்கள். பிறகு வாயை மரத்துண்டு, தோல், புல், மண் என்று மூடி, மேலே சாம்பலைத் தூவி, குழி இருப்பதே தெரியாமல் செய்துவிடுவார்கள். இவ்வளவு பாடுபட்டுப் பூட்டிவைத்த தானியத்தை யாரும் சும்மா அள்ளிக் கொடுத்துவிட மாட்டார்கள். கோட்டைக்குத் தானியம் சுமந்துவந்த பெண்களின் பெயர்கள் எதையும் கிளார்க் எழுதவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஒவ்வொரு தகட்டுத் துண்டின் விலையையும் கடைசியில் தீர்மானித்தவர்கள் அந்தப் பெண்கள்தான் என்பது என் கணிப்பு. நாட்குறிப்பில் சான்று தேடினால் கிடைக்காது. அந்தச் சமூகங்களின் சொத்துரிமை முறையிலிருந்து நான் பெறும் முடிவு அது.

ஆகவே ‘பட்டினியால் அழிந்திருப்பார்களா’ என்பதற்கு என் விடை: அழிந்திருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. படகில் அவர்கள் கொண்டுவந்த மாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் இருந்தன. ஆனால் அது அடுத்த வசந்தத்தில் மலைகளைத் தாண்டுவதற்கென்று ஒதுக்கிவைத்த இருப்பு. அதைக் குளிர்காலத்திலேயே தின்று தீர்த்திருந்தால் உயிர் பிழைத்திருக்கலாம், மேற்கே போயிருக்க முடியாது. மக்காச்சோளம் காப்பாற்றியது அவர்களுடைய உயிரை என்பதைவிட அவர்களுடைய பயணத்தை என்று சொல்வதே சரி.

இனி ஏன் உதவினார்கள் என்பது. இங்கேதான் எல்லோரும் ஷெஹேகியின் வாக்கியத்தை மேற்கோள் காட்டுவார்கள்: நாங்கள் உண்டால் நீங்களும் உண்பீர்கள், நாங்கள் பட்டினி கிடந்தால் நீங்களும் பட்டினி கிடக்க வேண்டியதுதான். குழு வந்த சில நாட்களிலேயே அவர் அப்படிச் சொன்னதாகக் கிளார்க் பதிவு செய்திருக்கிறார். பதிவு இருப்பது உறுதி. சொல்லின் நயம் உறுதியல்ல. மாண்டன் மொழிப் பேச்சு, அந்த ஊரிலேயே வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் ஜுசோமின் வாய்வழியாக வந்து, கிளார்க்கின் காதில் விழுந்து, அவருடைய தாறுமாறான எழுத்துக்கூட்டலில் தாளுக்கு வந்தது. இந்த மொழிபெயர்ப்புச் சங்கிலியைப் பற்றி மெக்கென்சி வேடிக்கையாக எழுதியிருக்கிறார்: ஒரே ஒரு சொல் குழுத் தலைவர்களைச் சென்றடைய, அது ஊராரிடமிருந்து சகாகவேயா என்ற பெண்ணுக்கும், பெண்ணிடமிருந்து கணவனுக்கும், கணவனிடமிருந்து அரைகுறைப் பிரெஞ்சும் அதைவிட மோசமான ஆங்கிலமும் பேசும் ஒரு கலப்பினத்தவருக்கும், அவரிடமிருந்து குழுத் தலைவர்களுக்கும் போக வேண்டியிருந்தது. போதாததற்கு, பிரெஞ்சுக்காரர்கள் இருவர் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் என்னவென்று சண்டை போட்டுக்கொண்டார்களாம். தங்கள் சொற்களை ஏன் எழுதிக்கொள்கிறார்கள் என்று புரியாமல், இதில் ஏதோ கெட்ட நோக்கம் இருக்கிறது என்று ஊரார் சந்தேகப்பட்டார்கள் என்றும் அவர் சொல்கிறார். ஆகவே ஷெஹேகியின் வாக்கியத்தைக் கல்வெட்டுப் போல எடுத்துக்கொள்ளாமல், அவர் சொன்னதன் சாரம் என்று கொள்வதே நேர்மை.

சாரத்துக்குப் பின்னால் கணக்கு இருந்தது. 1781-இல் பரவிய பெரியம்மை மாண்டன் மக்களை நொறுக்கிவிட்டது. அதற்குமுன் தெற்கே ஹார்ட் ஆறு கலக்குமிடத்தில் பல ஊர்களாக இருந்தவர்கள், எஞ்சியவர்களைத் திரட்டிக்கொண்டு ஹிடாட்சா மக்களின் அண்டையில் வந்து இரண்டே ஊர்களாகச் சுருங்கினார்கள். தெற்கே சூ மக்களின் கை ஓங்கிக்கொண்டிருந்தது. வடக்கத்திய வணிகர்களிடம் மட்டுமே துப்பாக்கி வாங்க வேண்டிய நிலை அவர்களுக்கு உவப்பானதல்ல. இந்த நேரத்தில் தெற்கிலிருந்து ஒரு பெரிய படகு, ஆயுதம் ஏந்திய நாற்பது பேர், இனிமேல் எங்கள் அரசே உங்களுக்குச் சரக்கு அனுப்பும் என்ற பேச்சு ஆகியவை வந்து சேர்ந்தால், அவர்களை அண்டை வீட்டாராக வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்தானே. நவம்பர் கடைசியில் சூ, அரிகாரா ஆட்கள் மாண்டன் வேட்டைக்காரர்களைத் தாக்கி ஒருவரைக் கொன்றபோது, கிளார்க் இருபத்துமூன்று பேருடன் உறைந்த ஆற்றைக் கடந்து ஊருக்குள் போய், வாருங்கள் துரத்துவோம் என்றார். ஊர்த் தலைவர்கள் நன்றி சொன்னார்கள், பனி ஆழமாக இருக்கிறது, குதிரைகள் போகாது, வசந்தத்தில் பார்க்கலாம் என்று தடுத்தார்கள். அரிகாராக்கள் பொய்யர்கள் என்று எனக்கு முன்பே தெரியும் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். மாண்டன், அரிகாரா மக்களுக்கிடையே அமெரிக்கர்கள் பெருமையுடன் ஏற்பாடு செய்திருந்த சமாதானத்தின் நிலை அவ்வளவுதான்.

எல்லோரும் ஒரே மாதிரி வரவேற்கவும் இல்லை. மாண்டன் பக்கம் நட்பு, ஹிடாட்சா பக்கம் கசப்பு என்று சொல்லிவிடலாம், பெரிதாகத் தவறாகாது. லூயிஸ் ஹிடாட்சா ஊருக்குப் போனபோது ஒரு தலைவர், தாம் வீட்டில் இல்லை என்று சொல்லியனுப்பினார். ஐரோப்பியக் கனவான்களின் சாக்கு இங்கேயும் வந்துவிட்டதே என்று லூயிஸ் நொந்துகொண்டதை மெக்கென்சி எழுதியிருக்கிறார். இந்த வெள்ளையர்கள் நல்லெண்ணத்துடன் வந்திருந்தால் படகு நிறையத் தேவையான பொருள்களைக் கொண்டுவந்திருப்பார்கள், வெடிமருந்தை வீணாக எறிந்தாலும் எறிவார்களே தவிர ஒரு ஏழை மாண்டனுக்கு ஒரு குண்டு தரமாட்டார்கள் என்ற பேச்சும் ஊரில் இருந்தது. ஹிடாட்சா தலைவர்களில் அஞ்சப்பட்ட ஒற்றைக்கண்ணர், லெ போர்ன் என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்தவர், மார்ச் மாதம்தான் கோட்டைக்கு வந்து பார்த்தார். கிளார்க்கின் அடிமையான யார்க்கின் கறுப்புத் தோல் சாயமோ என்று விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்த கதை இவருடையது. அந்தக் கூட்டத்தில் புத்திசாலிகள் இருவர் மட்டுமே, ஒருவர் இரும்பு அடிப்பவர், மற்றவர் துப்பாக்கி செப்பனிடுபவர் என்று அவர் சொன்னதாகவும் மெக்கென்சி எழுதுகிறார். மெக்கென்சி போட்டிக் கம்பெனிக்காரர் என்பதால் கொஞ்சம் மசாலா சேர்த்திருப்பார் என்று வைத்துக்கொண்டாலும், லூயிஸின் பிப்ரவரிக் குறிப்பும் ஏறக்குறைய அதையேதான் ஒப்புக்கொள்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஜனவரி தொடக்கத்தில் நடந்த காட்டெருமை அழைப்புச் சடங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி மலிவான பேச்சு நிறைய உலவுகிறது. இளைஞர்கள் தம் மனைவியரை முதியவர்களிடம் ஒப்படைத்தார்கள், குழுவினரிடமும் அப்படியே நடந்தது என்று கிளார்க் எழுதினார். 1814-இல் நாட்குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்ட நிக்கோலஸ் பிடில், பெண்கள் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அந்தப் பகுதியை மட்டும் லத்தீனில் அச்சிட்டார்! வேட்டையில் தேர்ந்த முதியவரிடம் இருக்கும் ஆற்றல், மனைவி வழியாக இளைய கணவனுக்குக் கைமாறும்; மந்தை அதனால் ஊருக்கு நெருங்கி வரும் என்பதே சடங்கின் பொருள் என்று பிற்காலத்தில் அந்த மக்களிடமிருந்தே பதிவாகியிருக்கிறது. இரும்பையும் துப்பாக்கியையும் கையாளும் அந்நியர்களிடமும் அப்படி ஓர் ஆற்றல் இருப்பதாக அவர்கள் எண்ணியது விந்தையல்ல. படைவீரர்கள் அதை அப்படிப் புரிந்துகொண்டார்களா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். அந்தக் குளிர்காலத்தில் லூயிஸ் பாதரச மருந்து கொடுத்தது பால்வினை நோய்களுக்குத்தான் என்பது நாட்குறிப்பில் வெளிப்படையாகவே இருக்கிறது.

சகாகவேயாவைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் யாராவது கேட்பார்கள். ஷோஷோனி இனத்தவர், சிறுமியாக ஹிடாட்சா வீரர்களால் பிடித்துவரப்பட்டவர், பிரெஞ்சு வணிகர் சார்பொனோவின் மனைவி என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. அவர் பிறப்பிலேயே ஹிடாட்சாப் பெண் என்று சொல்லும் வாய்மொழி மரபு ஹிடாட்சா குடும்பங்களில் உண்டு. அதைச் சட்டென்று தள்ளிவிடக் கூடாது. 1805 பிப்ரவரி 11 அன்று அவருக்குக் கோட்டையில் குழந்தை பிறந்தது. வலி நீண்டபோது, கிலுகிலுப்பைப் பாம்பின் வால் வளையங்களைப் பொடித்து நீரில் கலந்து கொடுத்தால் பிரசவம் விரைவாகும் என்று ஜுசோம் சொல்ல, லூயிஸிடம் அது இருந்தது. இரண்டு வளையங்களை நொறுக்கிக் கொடுத்தார்கள். பத்து நிமிடத்துக்குள் குழந்தை பிறந்ததாக லூயிஸ் எழுதி, மருந்துதான் காரணமா என்று நான் முடிவு சொல்ல மாட்டேன் என்று சேர்த்துக்கொண்டார். இருநூறு ஆண்டுக்குப் பிறகு நாமும் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

தானியத்தைவிட விலைமிக்கதாக ஒன்றையும் ஹிடாட்சா மக்கள் கொடுத்தார்கள்: வழி. மேற்கே போர்க்குழுக்களாகப் போய்வந்தவர்கள் தரையிலும் தோலிலும் கோடிட்டுக் காட்டிய ஆறுகளையும் மலைகளையும் வைத்துக் கிளார்க் ஒரு வரைபடம் தயாரித்து, ஏப்ரலில் ஜெஃபர்சனுக்கு அனுப்பினார். மிசூரியின் பெரிய அருவியை அடையாளம் காண, அருகே ஒரு தீவின் காட்டன்வுட் மரத்தில் கழுகுக் கூடு இருக்கும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஜூன் மாதம் லூயிஸ் அங்கே போனபோது கூடு அப்படியே இருந்தது. ஒரே அருவி என்று எதிர்பார்த்துப் போனவர்கள் ஐந்தைக் கண்டார்கள் என்பதும், படகுகளைச் சுற்று வழியில் தரைமேல் சுமார் 18 மைல் இழுக்க நேர்ந்தது என்பதும் உண்மைதான். குதிரையில் போகிறவன் படகை இழுக்கும் பாட்டைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டான். தகவல் தவறு என்பதைவிட, கேட்டவரும் சொன்னவரும் வெவ்வேறு பயணத்தை மனத்தில் வைத்திருந்தார்கள் என்றே கொள்கிறேன்.

மார்ச் கடைசியில் பனி உடைந்தது. ஆற்றில் மூழ்கிச் செத்த காட்டெருமைகள் பனிப்பாளங்களுக்கு இடையே மிதந்து வர, மாண்டன் ஆண்கள் ஒரு பாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போய் அவற்றைக் கரைக்கு இழுத்ததைப் பார்த்துக் கிளார்க் வியந்து எழுதியிருக்கிறார். ஒரு வாரத்தில் குழு புறப்பட்டுவிட்டது. திரும்பும் வழியில் 1806 ஆகஸ்டில் வந்து பார்த்தபோது கோட்டையில் ஒரு குடில் போக மற்றவை தீக்கிரையாகியிருந்தன. ஷெஹேகி அவர்களுடன் கிழக்கே போய் ஜெஃபர்சனைச் சந்தித்தார். அரிகாராக்கள் ஆற்றை மறித்ததால் 1809-இல்தான் ஊர் திரும்ப முடிந்தது. 1837-இல் நீராவிப் படகில் வந்த பெரியம்மை, ஆயிரத்து அறுநூறு பேர் அளவில் இருந்த மாண்டன் மக்களை நூற்றுச் சொச்சம் பேராக்கியது. எஞ்சியவர்களின் வழிவந்தோர் ஹிடாட்சா, அரிகாரா மக்களுடன் சேர்ந்து இன்று ஃபோர்ட் பெர்த்தோல்ட் ஒதுக்கீட்டுப் பகுதியில் வாழ்கிறார்கள்.

கேள்வி கேட்டவர் என்றாவது வடக்கு டகோட்டா பக்கம் போக நேர்ந்தால், வாஷ்பர்ன் ஊருக்கு அருகே காட்டப்படும் ஃபோர்ட் மாண்டன் பிற்காலத்தில் கட்டப்பட்ட மாதிரி என்பதை நினைவில் கொள்ளட்டும். மூலக் கோட்டை நின்ற நிலத்தின் பெரும்பகுதியை மிசூரி தன் போக்கை மாற்றியபோது எடுத்துக்கொண்டது. அங்கிருந்து மேற்கே ஸ்டாண்டன் ஊரருகில் நைஃப் ஆற்றங்கரைக்குப் போனால், ஹிடாட்சாப் பெண்கள் கட்டிய மண்வீடுகள் இருந்த இடங்கள் புல் மூடிய வட்டப் பள்ளங்களாக வரிசை வரிசையாக இன்றும் கிடக்கின்றன.